அமுக்குவானும் புளியமரமும்

கல்லூரி முதலாண்டு. விடுதி அறையில் ஒரு விடியற்காலை என் மார்பின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருந்தார்கள். கண் திறந்துதான் இருந்தது. மின்விசிறி சுற்றுவது தெரிந்தது, பக்கத்துக் கட்டில்காரனின் குறட்டை கேட்டது. கையைத் தூக்கிப் பார்த்தேன், வரவில்லை. கத்தப் பார்த்தேன், சத்தம் தொண்டையிலேயே நின்றது. கதவோரம் நின்ற கருத்த உருவம்தான் நகர்ந்து வந்து மேலேறியது என்பதில் எனக்கு அப்போது துளி சந்தேகமும் இல்லை. ஒரு நிமிடம் இருந்திருக்கும். கால் கட்டைவிரல் மெல்ல அசைந்தது. அத்தோடு எல்லாம் போயிற்று. பனியன் தெப்பலாக நனைந்திருந்தது.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அப்பத்தாவிடம் சொன்னேன். வெற்றிலை இடிப்பதை நிறுத்தாமலே கேட்டாள்: "மல்லாக்கப் படுத்திருந்தியா?"

"ஆமா அப்பத்தா."

"அமுக்குவான்தான். மல்லாக்கப் படுக்காதய்யா. தலைமாட்டுல ஒரு இரும்பு வச்சுக்க."

சீட்டில் இரண்டே மருந்து. இரும்பைப் பற்றி அறிவியலுக்குச் சொல்ல எதுவும் இல்லை. முதல் மருந்து சரியானது. மல்லாந்து படுப்பவர்களுக்கு இது கூடுதலாக வருகிறது என்று தூக்க ஆய்வாளர்கள் கணக்கெடுத்துக் கண்டார்கள். அப்பத்தா கணக்கெடுக்காமலே கண்டிருந்தாள்.

நடப்பது இதுதான். தூக்கத்தில் கண்கள் இமைக்குள் வேகமாக உருளும் ஒரு கட்டம் உண்டு. செறிவான கனவுகள் வருவது அப்போதுதான். கனவில் நாய் துரத்தி நாம் ஓடினால், படுக்கையிலும் கால் ஓடிவிடக் கூடாதே! அதற்காக மூளைத்தண்டு உடலின் தசைகளைப் பூட்டி வைக்கிறது. காபா, கிளைசின் என்ற இரண்டு வேதிப்பொருட்களும் சேர்ந்தே இந்தப் பூட்டைப் போடுகின்றன என்று 2012-ல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்துக் காட்டினார்கள். கண்ணை உருட்டும் தசைகளும், மூச்சுக்கான உதரவிதானமும் பூட்டுக்குத் தப்பியவை. விழிப்பதற்கு முன் பூட்டு திறந்துவிடும். எப்போதாவது வரிசை பிசகிவிடுகிறது. விழிப்பு முதலில் வந்துவிடுகிறது, பூட்டு பிறகு திறக்கிறது. அந்த இடைவெளியில் கண்ணுக்கு அறை தெரியும். மூளைக்குள் கனவும் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது கதவோரத்தில் ஆள் முளைக்கிறான்.

மார்பில் பாரம் ஏன்? விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் தளர்ந்து கிடப்பதால், பயந்து மூச்சை ஆழ இழுக்கப் பார்த்தால் இழுபடாது. மேலே ஏதோ கனமாக இருப்பதால்தான் இழுக்க முடியவில்லை என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது. பயமோ ஏற்கெனவே தயார். ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற பகுதி கனவுக் கட்டத்தில் சுறுசுறுப்பாக இருக்கிறது. பயம் இருக்கிறது, பாரம் இருக்கிறது, செய்தவன் மட்டும் இல்லை. அவனை மூளை நொடியில் செய்து நிறுத்திவிடுகிறது.

இது அரிய நோய் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஷார்ப்லெஸ், பார்பர் என்ற இரு உளவியலாளர்கள் 35 ஆய்வுகளைச் சேர்த்து 2011-ல் வெளியிட்ட கணக்கில், பொதுமக்களில் 100-க்கு ஏறத்தாழ 8 பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வந்திருக்கிறது. மாணவர்களில் 100-க்கு 28. கண்ட நேரத்தில் படுத்துக் கண்ட நேரத்தில் எழுகிற கூட்டமாயிற்றே. விடுதிகளில் எல்லாம் 'அந்த அறை சரியில்லை' என்று ஒரு அறை இருப்பதன் ரகசியம் இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் மார்பில் ஏறுபவள் ஒரு கிழவி. டேவிட் ஹஃபோர்ட் என்ற நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் 1970-களில் அங்கே போய்க் கேட்டார். கதை தெரிந்தவர்கள் அந்தக் கதையைத்தான் கனவாகக் காண்கிறார்களா என்று சோதித்துப் பார்த்தார். கதையே கேள்விப்படாத வெளியூர்க்காரர்களும் அதே அறை, அதே காலடி, அதே பாரம் என்று சொன்னார்கள். அனுபவம் முந்தியது, கதை பிந்தியது. ஜப்பானில் இதற்கு கனாஷிபாரி என்று பெயர். உலோகத்தால் கட்டப்படுவது என்று பொருள். அங்கே உலோகம் கட்டிப் போடுகிறது, எங்கள் ஊரில் இரும்பு விரட்டிவிடுகிறது. மனிதனின் நரம்பு ஒன்றுதான். உவமைதான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

படுக்காதபோதும் 'பின்னால் யாரோ நிற்கிறார்கள்' என்று தோன்றுவதுண்டு. ஓலாஃப் பிளாங்கே என்ற சுவிட்சர்லாந்து நரம்பியல் அறிஞரின் குழு 2006-ல் 'நேச்சர்' இதழில் ஒரு நிகழ்ச்சியை எழுதியது. வலிப்புக்கான அறுவைக்கு முன் 22 வயதுப் பெண்ணின் மூளையில், இடப்பக்கப் பொட்டுக்கும் உச்சிக்கும் இடைப்பட்ட ஓர் இடத்தில், மெல்லிய மின்துடிப்பு கொடுத்தார்கள். தனக்குப் பின்னால் ஒருவன் நிழல்போல இருப்பதாகச் சொன்னார் அந்தப் பெண். அவர் படுத்தபோது அவனும் படுத்தான். அவர் முன்னால் சாய்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டபோது, அவன் பின்னாலிருந்து அவரைக் கட்டிக்கொண்டான். மின்துடிப்பை நிறுத்தியதும் போய்விட்டான். 'என் உடல் இங்கே இருக்கிறது' என்று கணக்கு வைத்துக்கொள்ளும் இடம் அது. கணக்குத் தப்பினால் நம் உடலே நமக்கு அந்நியனாகி முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறது.

அதனால் பேய் கண்டேன் என்பவரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அதே சமயம், பேய்க்கு 'விஞ்ஞான விளக்கம்' சொல்பவர்கள் எல்லாரையும் நம்பவும் மனம் வருவதில்லை. காரணம் புளியமரம்.

என் ஏழாம் வகுப்பு ஆசிரியர் பகுத்தறிவுக்காரர். இரவில் புளியமரத்தடியில் படுத்தால் பேய் அடிக்கும் என்பதை அவர் ஒரே வரியில் தீர்த்துவைத்தார்: மரங்கள் இரவில் கரியமில வாயுவை விடும், கீழே படுத்தால் மூச்சு முட்டும், அதைத்தான் பேய் என்கிறார்கள். வகுப்பே வியந்தது. நானும் இருபது வருடம் இதைப் பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் உட்கார்ந்து யோசித்தபோதுதான் வெட்கமாகப் போயிற்று.

காற்றில் கரியமில வாயு ஏறத்தாழ 0.04 சதவீதம். நாம் வெளிவிடும் மூச்சில் 4 சதவீதம், அதாவது 100 மடங்கு. ஒரு மனிதர் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ விடுகிறார். மரமும் இரவில் சுவாசிப்பது உண்மைதான். ஆனால் அது திறந்த வெளியில் நிற்கிறது. விட்டது விட்டபடி காற்றோடு போய்விடும். கதவைச் சாத்திய அறையில் நாலு பேர் படுத்தால் சேரும் வாயுவுக்கு அது உறை போடக் காணாது. கல்யாண வீட்டில் ஒரே அறையில் பதினைந்து பேர் படுத்து எழுந்திருக்கிறோம், யாரையும் பேய் அடித்ததில்லை. இன்னொன்று: வேப்பமரமும்தான் இரவில் சுவாசிக்கிறது. வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டுத் தூங்காத கிராமம் எது? கரியமில வாயு கதை, பேய்க்கதையைப் போலவே, யாரும் அளந்து பார்க்காமல் வாய்வழியாக வந்த கதை.

புளியமரத்தின் கெட்ட பெயருக்குக் காரணத்தை நான் வேறு இடத்தில் தேடுவேன். நெடுஞ்சாலைகளின் இருபுறமும் வரிசையாக நின்றது அதுதான். வண்டி மோதுவதும் அதில்தான். ஒவ்வொரு விபத்துக்கும் ஓர் ஆவி அங்கேயே தங்கிவிட்டதாகக் கதை சேரும். அடர்ந்த நிழல், முதிர்ந்த மரத்தில் பொந்து. பொந்தில் கூகை. இருதய வடிவில் வெள்ளை முகம், சத்தமே எழுப்பாத இறக்கை, திடீரென்று கிழிபடும் துணி போல ஓர் அலறல். பாழடைந்த பங்களாவிலும் அதுதான் குடியிருக்கும். இரவு இரண்டு மணிக்கு ஒரு கூகையை எதிர்பாராமல் நேருக்கு நேர் பார்த்தவர்கள் என்னிடம் வாதாட வரமாட்டார்கள்.

இருட்டில் பார்ப்பதே ஒரு தனிக் கலை. விழித்திரையின் நட்டநடுவில் வெளிச்சத்துக்கான கூம்பு செல்கள் மட்டுமே உள்ளன. மங்கலில் வேலை செய்யும் கோல் செல்கள் சுற்றுவட்டத்தில் இருக்கின்றன. இன்றிரவு மொட்டை மாடிக்குப் போய் மிக மங்கலான நட்சத்திரம் ஒன்றை உற்றுப் பாருங்கள், மறைந்துவிடும். சற்றுத் தள்ளிப் பாருங்கள், வந்துவிடும். கண்ணோரத்தில் தெரிந்து, திரும்பிப் பார்த்தால் காணாமல் போகும் உருவங்களின் கதையும் பல சமயம் இதேதான். உருவம் எங்கும் போகவில்லை. நாம்தான் இருட்டில் பார்வையில்லாத அந்த நடுப்புள்ளியை அதன்மேல் வைத்துவிட்டோம். அது கொடியில் மறந்துபோன வேட்டியாக இருக்கலாம்.

கொள்ளிவாய்ப் பிசாசும் புளியமரம் போலத்தான். சதுப்பு நிலத்து மீத்தேன் எரிகிறது என்று ஒரு வரியில் முடித்துவிடுவோம். மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்ளாது. பற்றவைக்க நெருப்பு வேண்டும். தானாகப் பற்றக்கூடிய பாஸ்பரஸ் வாயுக்கள் உண்டு. அவை எரிந்தால் புகையும் நாற்றமும் வரும், பழைய வர்ணனைகள் பலவற்றில் இருப்பதோ சுடாத, புகையாத வெளிச்சம். விளக்கம் இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. ஆனால் கண்மாய்க்கு அப்பால் இருட்டில் மிதக்கும் எல்லா வெளிச்சத்துக்கும் வாயு தேவையில்லை. வயலுக்கு மும்முனை மின்சாரம் நள்ளிரவில்தான் வரும் என்றால், மோட்டார் போடவும் மடை திறக்கவும் டார்ச்சோடு போகிற ஆள் இருப்பான். சுற்றிலும் கும்மிருட்டு இருக்கும்போது, அசையாமல் இருக்கும் ஒற்றை வெளிச்சம்கூட மிதந்து அலைவது போலத் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் வேறு எதுவும் இல்லாததால் கண் தடுமாறுகிறது.

முஸஃபர் ஷெரிஃப் என்ற துருக்கிய உளவியலாளர் இந்தத் தடுமாற்றத்தை வைத்து நியூயார்க்கில் நடத்திய சோதனை 1935-ல் வெளிவந்தது. இருட்டறையில் அசையாத ஒரு புள்ளி வெளிச்சத்தைக் காட்டி, எத்தனை அங்குலம் நகர்ந்தது என்று கேட்டார். தனியே பார்த்தவர்கள் ஆளுக்கு ஓர் அளவு சொன்னார்கள். சேர்த்து உட்கார வைத்ததும் அளவுகள் ஒன்றையொன்று நெருங்கி வந்து ஒரே அளவில் நின்றன. நகராத வெளிச்சம் எவ்வளவு நகர்ந்தது என்பதில் எல்லாரும் ஒத்துப்போனார்கள். "ஊரே பார்த்தது, பொய்யா?" என்று யாராவது கேட்டால் எனக்கு ஷெரிஃப்தான் நினைவுக்கு வருவார்.

மேலைநாட்டுப் பேய்களுக்கும் ஒரு கரியமில வாயு கதை இருக்கிறது, அதைவிட அழகாக. விக் டேண்டி என்ற பொறியாளர் இங்கிலாந்தில் மருத்துவக் கருவிகள் வடிவமைக்கும் கூடம் ஒன்றில் வேலை பார்த்தார். பேய் நடமாடுவதாகப் பேச்சு. ஒரு இரவு அவருக்கே குளிர்ந்து வியர்த்தது. கண்ணோரத்தில் சாம்பல் நிற உருவம் தெரிந்தது, திரும்பியதும் கரைந்தது. மறுநாள் வாள்வீச்சுப் போட்டிக்கான தன் வாளைச் சரிசெய்ய இடுக்கியில் பொருத்தினார். யாரும் தொடாமல் அதன் அலகு கிடுகிடுவென்று ஆடியது. வேறொருவர் என்றால் ஓடியிருப்பார், இவர் அளந்தார். காதுக்கு எட்டாத, நொடிக்கு ஏறத்தாழ 19 அதிர்வுகள் கொண்ட ஒலி அறையில் நின்றுகொண்டிருந்தது. புதிதாகப் பொருத்திய காற்று வெளியேற்றி தந்த ஒலி. அந்த விசிறியைப் பொருத்திய விதத்தை மாற்றியதும் ஒலியும் போயிற்று. 1998-ல் கட்டுரையாக வந்தது. அன்றிலிருந்து 'பேய் என்பது 19 ஹெர்ட்ஸ்' என்பது அறிவியல் மேடைகளின் செல்லக் கதை.

லண்டனில் கிறிஸ் ஃபிரெஞ்ச் என்ற உளவியலாளரின் குழு இதைச் சோதிக்க ஒரு பேய் அறையே கட்டியது. வெறும் வெள்ளை வட்ட அறை. ஒலியும் மின்காந்தப் புலமும் ரகசியமாகப் போடவும் நிறுத்தவும் வசதி. 79 பேர் ஒவ்வொருவராக 50 நிமிடம் இருந்துவிட்டு வந்தார்கள். வித்தியாசமான உணர்வுகள் வரலாம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. பலருக்கும் ஏதோ வந்தது. தலைசுற்றல், யாரோ இருக்கும் உணர்வு. ஆனால் ஒலி இருந்தாலும் வந்தது, இல்லாவிட்டாலும் வந்தது. புலம் இருந்ததும் இல்லாததும் ஒன்றுதான். 2009-ல் வெளியான அந்த முடிவின்படி, வேலை செய்தது 'வரலாம்' என்ற அந்தச் சொல். டேண்டியின் வாள் ஆடியது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டு உலகத்துப் பேயையெல்லாம் விளக்கியதுதான் அவசரம். மின்காந்த அளவியைக் கையில் பிடித்துக்கொண்டு யூடியூபில் பேய் தேடுபவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கருவி சுவருக்குள் ஓடும் ஒயரைச் சரியாகக் கண்டுபிடிக்கும்.

மெய்யாகவே வீட்டில் இருந்த பேய் ஒன்றும் உண்டு. அமெரிக்கக் கண் மருத்துவர் வில்மர் 1921-ல் ஒரு குடும்பத்தின் கதையை மருத்துவ இதழில் எழுதினார். பழைய பெரிய வீட்டுக்குக் குடிபோன பிறகு தலைவலி, சோர்வு, வாடும் செடிகள், ஆளில்லாத காலடிச் சத்தம், கட்டிலருகே உருவங்கள். கடைசியில் பார்த்தால் வீட்டைச் சூடேற்றும் உலை பழுது. புகைபோக்கியில் போக வேண்டிய கார்பன் மோனாக்சைடு அறைகளுக்குள் கசிந்துகொண்டிருந்தது. நம் முற்றத்து வீடுகளுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. ஆனால் ஊட்டி, கொடைக்கானல் குளிரில் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்குபவர்களுக்கும், காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும். அந்தப் பேய் உருவம் காட்டும் முன்பே ஆளைக் கொன்றுவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் பேய் 'பார்ப்பது'. பேய் 'பிடிப்பது' வேறு. அதில் விளையாட்டு இல்லை. இளம்பெண் ஒருத்தி திடீரென்று தூக்கமிழந்து, உளறி, யாரையோ பார்த்து அலறி, உடல் முறுக்கிக்கொள்கிறாள். சில நாட்களில் பேச்சே நின்றுவிடுகிறது. கோடாங்கியிடம் கொண்டுபோக இதைவிடக் காரணம் வேண்டுமா? 2007-ல் ஜோசப் டால்மாவ் என்ற நரம்பியல் அறிஞரின் குழு இப்படிப்பட்டவர்களில் சிலருக்கு என்ன நடக்கிறது என்று கண்டுபிடித்தது. உடலின் சொந்த எதிர்ப்பாற்றல், மூளை செல்களிலுள்ள ஒரு வகை ஏற்பியையே தாக்குகிறது. சிலருக்குச் சினைப்பையில் உள்ள கட்டி அதைத் தூண்டிவிடுகிறது. கட்டியை எடுத்து, மருந்தும் கொடுத்தால் பெரும்பாலோர் மீண்டு வருகிறார்கள். எல்லாப் பேய்பிடிப்பும் இந்த நோய் என்று சொன்னால் நானும் என் ஏழாம் வகுப்பு ஆசிரியராகிவிடுவேன். சிலருக்கு மனச்சிதைவு, சிலருக்கு வலிப்பு, சிலருக்கு வாய்விட்டுச் சொல்ல முடியாத வீட்டுக் கொடுமை சாமியாடியோ பேயாடியோ வெளியே வருகிறது. எது என்று பார்க்க மருத்துவர் வேண்டும், சங்கிலி கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் மாண்டார்கள்; 28 பேர். அதே ஏர்வாடி தர்காவில் பின்னாளில் துவாவோடு தவாவும், அதாவது வேண்டுதலோடு மருந்தும் சேர்த்துத் தரும் அரசுத் திட்டம் வந்தது. நம்பிக்கையோடு வந்தவரை அந்த இடத்திலேயே மருத்துவர் சந்திக்கிறார். எனக்குத் தெரிந்து பேயோடு அறிவியல் செய்துகொண்ட மிகவும் மரியாதையான உடன்பாடு இதுதான். மனநலத்துக்கான 14416 என்ற தொலைபேசி எண்ணில் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

அப்பத்தாவுக்கு இன்னொரு பேயும் தெரியும். தாத்தா இறந்த மறு வருடம், சாயங்காலம் திண்ணையில் அவர் இருமுகிற சத்தம் கேட்பதாக ஒருநாள் சொன்னாள். அப்போது நான் அறிவியல் பட்டதாரி. காது, மூளை, பிரமை என்று அரைமணி நேரம் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிய்யா" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

டெவி ரீஸ் என்ற குடும்ப மருத்துவரைப் பற்றிப் படித்தது வெகுகாலம் கழித்து. வேல்ஸின் நடுப்பகுதியில் துணையை இழந்த 293 பேரைச் சந்தித்து அவர் பேசினார். ஆய்வு 1971-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. அவர்களில் 137 பேர், ஏறத்தாழ பாதி, இறந்த கணவரையோ மனைவியையோ அருகில் உணர்ந்திருந்தார்கள். சிலர் கண்ணால் கண்டார்கள், சிலர் குரல் கேட்டார்கள், சிலரோடு இறந்தவர்கள் வருடக்கணக்கில் இருந்தார்கள். இதை ரீஸ் மனநோயாகப் பார்க்கவில்லை. மணவாழ்க்கை நீண்டிருந்தவர்களுக்கு இது கூடுதலாக இருந்தது. பெரும்பாலோருக்குப் பயமில்லை, ஆறுதலாக இருந்தது. அந்த 137 பேரில் ஒருவர்கூட அதைத் தம் மருத்துவரிடம் சொல்லியிருக்கவில்லை.